மாலை 5 முதல் 6 வரை

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை போனைக் கீழே வைப்பதில்லை என்று வருந்துகிறோம். வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், அங்கே கூட விளையாட யார் இருக்கிறார்கள்?

5 முதல் 17 வயது வரை, நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. ஒரே மூச்சாக இருக்க வேண்டியதில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் சேர்ந்தாலும் கணக்குதான்.

பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், விறுவிறுவென்று நடக்க 15 நிமிடம். போக வர அரைமணி நேரம் கிடைத்துவிடும். ஆனால் சாலையைக் கடக்கும் பயத்தில் வேனில் ஏற்றிவிடுகிறோம். நியாயமான பயம்தான், வரும் வண்டியின் வேகத்தைச் சிறு பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடியாது. ஒரே தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை ஒரு பெரியவர் அழைத்துப் போகலாம். வாரம் ஒரு வீட்டார் முறை. முறைக்காரர் வராத நாளில்தான் இந்த ஏற்பாடு உடையும். அதனால் மாற்றாள் யாரென்று முதலிலேயே பேசி வையுங்கள். 8:10-க்குக் கிளம்புவதென்றால் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். ஒரு நாள் பிந்தினால் மறுநாள் பாதிப்பேர் வேனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

மாலையில் தெரு காலியாகக் கிடப்பதற்கு டியூஷன் பெரிய காரணம். ஒருவனுக்கு ஐந்து மணிக்கு, இன்னொருத்திக்கு ஐந்தரைக்கு. ஆள் சேராமல் ஆட்டம் ஏது? நாலு வீட்டார் பேசி, 5 முதல் 6 வரை மட்டும் டியூஷன் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தியிருக்கும் பைக்குகளை ஒரே பக்கமாக ஒதுக்குங்கள். தாத்தாவோ பாட்டியோ ஒரு நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தால், பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீட்டாருக்கும் தைரியம் வரும்.

கிரிக்கெட் மட்டுமே ஆடினால் இருவர் ஓட, மற்றவர்கள் நிற்பார்கள். கிளித்தட்டிலும் கபடியிலும் உடம்புக்கு வேலை அதிகம். நொண்டியும் கயிறு தாண்டுவதும் எலும்புக்கு வலு. வாரம் மூன்று நாளாவது வேண்டும். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் அன்றோடு ஆட்டம் நின்றுபோகும், ஆகவே மெத்தென்ற ரப்பர் பந்தே போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வயதுக்கு வந்ததும் "உள்ளே வா" என்கிறோம். அந்த வயதிலும் அதே 60 நிமிடம் அவர்களுக்கு வேண்டும். ஒருத்தியாக அனுப்பினால் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்த்து அனுப்புங்கள். இறகுப்பந்து மட்டையோடு அம்மாவும் தெருவில் இறங்கட்டும்.

நன்றி, வணக்கம்.