கொட்டகையிலிருந்து முட்டைத்தூள் ஆலைக்கு: நாமக்கல் குடும்பப் பண்ணைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் பெரும்பாலானவை இன்றும் குடும்பங்களின் கையில்தான் இருக்கின்றன. மழையை நம்பிப் பிழைக்க முடியாத மேட்டுநிலத்தில், அண்ணன் தம்பிகள் சில நூறு கோழிகளை வைத்துப் போட்ட கொட்டகைகள் லட்சக்கணக்கில் கோழி வளர்க்கும் பண்ணைகளாக எப்படி மாறின? முட்டைக்கு முந்தைய வேலைகளையும் பிந்தைய வேலைகளையும் ஒவ்வொன்றாகத் தங்கள் கைக்குக் கொண்டுவந்ததால்தான் என்பது என் துணிபு.

முதலில் வந்தது தீவனம். உற்பத்திச் செலவில் ஏறத்தாழ 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது என்பதால், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தாமே வாங்கி அரைத்த குடும்பங்களே நிமிர்ந்தன. அதில் கிளிஞ்சல் கலப்பது ஒரு நுட்பமான வேலை. முட்டை ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில், கோழி தீவனம் எடுக்காத நேரத்தில் நடக்கிறது. பருவெட்டான கிளிஞ்சல் இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரைந்து சுண்ணாம்புச் சத்தைத் தரும். மாவாக அரைத்துப் போட்டால் சீக்கிரமே கரைந்துவிடும். அள்ளிப் பார்த்தே பக்குவம் சொல்லும் பெண்கள் பல பண்ணைகளில் உண்டு. குடும்பத்தின் பெண்கள் பார்த்த இந்த வேலைக்குக் கணக்கேட்டில் கூலி எழுதப்படவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

அடுத்தது விலை. வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருந்த நிலையை மாற்ற, 1982இல் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார். பண்ணையாளர்களே விலை அறிவிக்கும் வழக்கம் பிறந்தது. ஆனாலும் அறிவித்த விலையில் 'மைனஸ்' என்று பைசாக்களைக் கழித்துக்கொண்டு வாங்கும் பழக்கம் தொடர்ந்தது. முட்டையை நெடுநாள் இருப்பு வைக்க முடியாதவர் அதற்கு இணங்கத்தான் வேண்டும். சத்துணவுத் திட்டத்தில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை என்றானது, நிலையான கொள்முதலுக்கு ஓரளவு வழி செய்தது.

இந்த நெருக்கடிக்கு மாற்றாக எழுந்ததே பதப்படுத்தும் தொழில். ஈரோடு மாவட்டத்தில் 1990களில் எஸ்.கே.எம். நிறுவனம் முட்டைத்தூள் ஏற்றுமதியில் இறங்கியது. முட்டையை உடைத்து, வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்து, கிருமி நீங்கும் அளவுக்குச் சூடாக்கி, வெப்பக்காற்றில் தெளித்து உலர்த்துகிறார்கள். வெள்ளைக்கருவில் இயல்பாகவே உள்ள சிறிதளவு சர்க்கரையை முன்கூட்டி நீக்காவிட்டால் தூள் பழுப்பேறிவிடும். ஓட்டுக்குள் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கான தண்ணீர் வெளியேறிவிடுவதால், சில நாள் சரக்கு பல மாதச் சரக்காகிறது.

ஆனால் வெளிநாட்டு ஆய்வகம் தூளில் மருந்து எச்சத்தைக் கண்டால் சரக்கு திரும்பிவிடும். அதைத் தவிர்க்கக் குஞ்சுப் பருவத்திலிருந்தே தீவனத்தையும் மருந்தையும் கண்காணிக்க வேண்டும். ஆகவே ஆலை வைத்த குடும்பம் சொந்தப் பண்ணையையும் சொந்தத் தீவன ஆலையையும் விட முடியாது. சிறு பண்ணைக் குடும்பம் ஒன்றின் முதலுக்கு எட்டாத இந்த ஆலையை அத்தகைய பண்ணையாளர்கள் கூட்டாக அமைக்க வேண்டும். பங்குப் பணம் திரட்டுவதற்கு முன்பே, எந்தக் கொட்டகையில் எந்த நாளில் எந்த மருந்து கொடுத்தோம் என்ற பதிவேட்டை ஒவ்வொரு பண்ணையும் இந்த ஆண்டே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.