1080 டிஐ பழசாகிவிட்டதா? கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடும்போது எதைப் பார்க்கணும்

[திரையில் இரண்டு கார்டுகள்: ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, ஆர்டிஎக்ஸ் 3060. இரண்டுக்கும் கீழே ஒரே எண்: 3584]

இடது பக்கம் இருக்கும் கார்டு 2017 மார்ச்சில் வந்தது, வலது பக்கம் இருப்பது 2021 பிப்ரவரியில் வந்தது. இரண்டிலும் கூடா கோர் 3584, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோர் சமம், நடுவில் நாலு வருஷம் ஓடியிருக்கிறது, அப்போ புதுசுதானே வேகம்? அதுதான் இல்லை. ரே டிரேசிங், அதாவது ஒளி பட்டுத் தெறிக்கும் வழியைக் கணக்கிட்டு வரைவது, இல்லாத கேம்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும், சில கேம்களில் பழையதே ஒரு எட்டு முன்னால் போய்விடும்.

ஏன் என்று கேட்டால், கோர் என்பது கணக்குப் போடும் பகுதி மட்டும்தான். படத்தைத் திரைக்குக் கொண்டுவர வேறு ஆட்களும் வேலை செய்ய வேண்டும். சுவர், மண், சட்டை என்று எல்லாவற்றின் மேலும் படத்தை ஒட்டுகிற டெக்ஸ்சர் யூனிட் 1080 டிஐ-யில் 224, 3060-ல் சரியாகப் பாதி, 112. மெமரியிலிருந்து டேட்டா வந்து போகும் வேகம் அங்கே நொடிக்கு 484 ஜிபி, இங்கே 360 ஜிபி. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

இப்போ 3060-ஐ எடுத்துவிட்டு, 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ஐ வைப்போம்.

[திரையில்: 4060 - 3072 கோர், 272 ஜிபி, 115 வாட்]

கோர் குறைந்திருக்கிறது, மெமரி வேகம் இன்னும் குறைந்திருக்கிறது, ஆனாலும் 3060-ஐ விட வேகம். இது எப்படி? முதல் காரணம் கடிகார வேகம்: 3060-இன் அறிவித்த பூஸ்ட், அதாவது ஏறக்கூடிய வேகம், 1777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2460. இரண்டாவது, எனக்குப் பிடித்த காரணம், கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி. 3060-ல் 3 எம்பி இருந்த எல்2 கேஷ் 4060-ல் 24 எம்பி. சமையல்கட்டு அலமாரியிலேயே சாமான் இருந்தால் கடைக்கு ஓட வேண்டியதில்லை இல்லையா, அதே கதைதான், கடைக்குப் போகும் ரோடு குறுகலாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஆனால் ரெசல்யூஷனை, அதாவது திரையில் வரையும் புள்ளிகளின் எண்ணிக்கையை, 4கே-க்கு ஏற்றிப் பாருங்கள், அலமாரி பத்தாது, ரோடு குறுகல் என்பது அப்போதுதான் உறைக்கும். அதனால்தான் 1080பி ரெசல்யூஷனில் எடுத்த பெஞ்ச்மார்க் அளவை வைத்து 4கே-யைப் பற்றிப் பேசக் கூடாது.

இதில் பழைய கார்டு தலைகுனியும் இடம் கரண்ட். 1080 டிஐ-க்கு 250 வாட், 4060-க்கு 115 வாட். கிட்டத்தட்ட அதே வேலையைப் பாதிக்கும் குறைவான கரண்டில் முடிக்கிறது, சூடும் குறைவு, சத்தமும் குறைவு. இந்தத் தலைமுறைகளில் நடந்த உண்மையான முன்னேற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்.

விரேம், அதாவது கார்டிலேயே இருக்கும் மெமரி, அதன் கதை அப்படியே தலைகீழ். 2017 கார்டில் 11 ஜிபி, 2023 கார்டில் 8 ஜிபி. கேம் கேட்கும் டெக்ஸ்சர் 8 ஜிபி-க்குள் அடங்காவிட்டால் மிச்சம் கம்ப்யூட்டரின் ராம்-க்குப் போய்விடும், தேவைப்படும்போதெல்லாம் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாக வர வேண்டும். 4060-க்கு அந்த ஸ்லாட்டில் லேன், அதாவது டேட்டா போகும் பாதை, 8தான். பழைய மதர்போர்டில், அதாவது பிசிஐஇ 3.0-ல் போட்டால், நொடிக்குச் சுமார் 8 ஜிபி. கார்டுக்குள் 272, வெளியே 8! பழைய மெஷினுக்குப் புது கார்டு வாங்குகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

மாட்டினால் என்ன ஆகும் என்பது சராசரி எஃப்பிஎஸ்-ல், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) வருகிறது என்ற கணக்கில், தெரியாது என்பதுதான் கொடுமை. ஒரு நொடியை எடுத்துக்கொள்வோம்: 59 ஃப்ரேம் ஒவ்வொன்றும் 16 மில்லிசெகண்டில் வருகிறது, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 56 மில்லிசெகண்ட் இழுக்கிறது. கூட்டினால் சரியாக 1000. கவுண்டர் என்ன காட்டும்? 60 எஃப்பிஎஸ், பிரமாதம். ஆனால் கேமராவைத் திருப்பும்போது வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்ததை உங்கள் கண் பார்த்துவிட்டது. ஒவ்வொரு நொடியும் இப்படி என்றால் விளையாடவே முடியாது. அதனால் எந்த ஒப்பீட்டு வீடியோவாக இருந்தாலும் 1 சதவீத லோ என்ற எண்ணை, அதாவது மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃப்ரேம்களின் வேகத்தை, பாருங்கள், ஃப்ரேம் டைம் கிராஃப் காட்டினால் இன்னும் நல்லது. வெறும் சராசரியை மட்டும் காட்டினால் அந்த வீடியோவைத் தாராளமாக மூடிவிடலாம்.

அப்புறம் ஃப்ரேம் ஜெனரேஷன். 2025 ஜனவரியில் சிஇஎஸ் தொழில்நுட்பக் கண்காட்சி மேடையில், இந்தக் கார்டுகளின் சிப்பை உருவாக்கும் என்விடியா, ஆர்டிஎக்ஸ் 5070-க்கு 4090-இன் பெர்ஃபார்மன்ஸ் என்று சொன்னது. 5070-ல் 6144 கோர், 4090-ல் 16384. சமம் ஆனது எப்படி என்றால், புது கார்டு அப்போது ஒரு நிஜ ஃப்ரேமுக்கு மூன்று ஃப்ரேம் வரை தானே வரைந்து நடுவில் சொருகியது. திரையில் ஓடுவது வழவழப்பாகத்தான் இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மவுஸை அசைத்தால் பதில் வருவது நிஜ ஃப்ரேமின் வேகத்தில்தான். நிஜமாக வருவது 30 என்றால் கவுண்டர் 120 காட்டினாலும் கைக்கு அது 30 மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் கூடுதல் தாமதம்கூடச் சேரும். பழையது, புதியது என்று ஒப்பிடும்போது இதை அணைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

சரி, 1080 டிஐ வைத்திருப்பவர்கள் சந்தோஷப்படலாமா? ஓரளவுக்குத்தான். வேகம் இருந்தும் வாசலிலேயே திருப்பி அனுப்பும் கேம்கள் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் கேமுக்கு ரே டிரேசிங் ஹார்ட்வேர் கட்டாயம், ஜிடிஎக்ஸ் கார்டுகள் பட்டியலிலேயே இல்லை. 2023-ல் வந்த ஆலன் வேக் 2 கேம், மெஷ் ஷேடர் என்ற, உருவங்களை வரையும் புது வசதியை எதிர்பார்த்தது, அது இல்லாத 1080 டிஐ திணறியது, 2024 மார்ச் அப்டேட்டுக்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்-உம் கிடையாது, போட்டி நிறுவனமான ஏஎம்டி-யின் அதே மாதிரி வசதி எஃப்எஸ்ஆர்-ஐ வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். புது கேமுக்கான டிரைவர் அப்டேட்டும் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

புதுசும் சில இடத்தில் வழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்தபோது 32-பிட் கூடா சப்போர்ட்டை, அதாவது பழைய 32-பிட் புரோகிராம்கள் கார்டில் கணக்குப் போடும் வசதியை, எடுத்துவிட்டார்கள். அதனால் ஃபிஸ்எக்ஸ் என்ற, பொருள்களின் அசைவைக் கணக்கிடும் மென்பொருளைப் பயன்படுத்திய சில பழைய கேம்களில் புகை, துணி, சிதறும் கண்ணாடி எல்லாம் ப்ராசஸர் தலையில் விழுந்தது, பத்து வருஷப் பழைய கார்டு ஓட்டியதைப் புத்தம் புது கார்டு தடுமாறிக்கொண்டு ஓட்டியது.

நீங்களே வீட்டில் அளப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். கேம் ஓடும்போது ஜிபியு யூசேஜை, அதாவது கார்டின் சிப் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, பாருங்கள். 97, 98 சதவீதத்தில் இருந்தால் கார்டைத்தான் அளக்கிறீர்கள். 60, 65-ல் தொங்கினால் ப்ராசஸர் பிடித்து இழுக்கிறது, அந்த நிலையில் எந்தக் கார்டை மாற்றிப் போட்டாலும் எண் பெரிதாக மாறாது. ரெசல்யூஷனை ஒரு படி ஏற்றி, அதே காட்சியை அதே இடத்திலிருந்து திரும்ப ஓட்டுங்கள். எஃப்பிஎஸ் குறையவே இல்லையென்றால், இப்போதைக்குக் கார்டுக்குச் செலவு செய்ய வேண்டாம்.