கிரேனில் வந்த கடவுள்

(திரையில்: கிரேக்க அரங்கம். அரண்மனைக் கூரை மேல் ஆட்கள்.)

கி.மு. 408, ஏதென்ஸ். யூரிபிடீஸோட 'ஒரெஸ்டீஸ்' நாடகம் முடியப்போகுது. அம்மாவைக் கொன்னதுக்கு மரண தண்டனை வாங்கின ஒரெஸ்டீஸ், தப்பிக்க ஹெர்மியோனியைப் பிணையாப் பிடிச்சு, அவ கழுத்துல வாளை வெச்சுக்கிட்டு கூரை மேல நிக்கிறான். கீழ அவளைப் பெத்த அப்பா மெனெலாஸ். கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு. அரண்மனையைக் கொளுத்தத் தீப்பந்தமும் தயார்.

அப்ப மேல அப்பல்லோ கடவுள் தோன்றுறார். நிறுத்துங்கறார், நிறுத்திடறாங்க. அடுத்து சொல்றதைக் கேளுங்க: யார் கழுத்துல வாளை வெச்சிருக்கியோ, அவளையே கட்டிக்கோ. ஒரெஸ்டீஸ் சரிங்கிறான். அப்பாவும் சம்மதிக்கிறார். அந்தக் காட்சியில ஹெர்மியோனி ஒரு வார்த்தை பேசலை. எனக்கு ஆறவே ஆறாத இடம் இது.

(திரையில்: மரக் கிரேன், கயிறு.)

ஆகாயத்துல வர்ற பாத்திரங்களைத் தூக்கிக் காட்ட கிரேக்க நாடகக்காரங்க ஒரு கிரேன் வெச்சிருந்தாங்க. பேரு மெக்கானே. கதையோட முடிச்சை அவிழ்க்கத் திடீர்னு கடவுளைக் கொண்டு வர்றதை 'தேயுஸ் எக்ஸ் மாகினா'ன்னு சொல்றது இதை வெச்சுத்தான். லத்தீன்ல, இயந்திரத்துல இருந்து வந்த கடவுள். கிரேன் இருக்கறது பார்க்கறவங்களுக்கும் நல்லாவே தெரியும். கி.மு. 421ல அரிஸ்டோபனீஸோட 'அமைதி' நாடகத்துல ஒரு விவசாயி சாணி வண்டு மேல ஏறி வானத்துக்குப் போறார். பாதி வழியில பயந்துபோய், கிரேன் இயக்குற ஆளைக் கூப்பிட்டு, பார்த்து தூக்குப்பான்னு கத்துறார்!

அரிஸ்டாட்டிலுக்கு இந்த வழி பிடிக்கலை. முடிச்சு கதைக்குள்ள இருந்தே அவிழணும்னு 'கவிதையியல்'ல எழுதினார். ரொம்பச் சரி. ஆனா அதுக்கு அவர் காட்டுற உதாரணம் 'மெடியா'. அதை என்னால ஒத்துக்க முடியலை.

அதுவும் யூரிபிடீஸ் எழுதினதுதான், கி.மு. 431. புருஷன் ஜேசன் வேற பொண்ணைக் கட்டினதுக்குப் பழியா, மெடியா தன் ரெண்டு பிள்ளைகளையும் கொன்னுடறா. ஜேசன் ஓடி வந்து கதவைத் திறங்கன்னு கத்துறான். எல்லார் கண்ணும் கதவு மேல. அவளோ உயரத்துல, சூரியக் கடவுள் ஹீலியோஸ் கொடுத்த தேர்ல, பிள்ளைகளோட உடல்களோட. கடவுள் நிக்கற இடத்துல கொலை செஞ்ச தாய்!

ஹீலியோஸ் அவளோட தாத்தா. இதை நாடகத்துல முன்னாடியே சொல்லிடறாங்க. ஜேசனோட புது மணப்பெண்ணைக் கொல்ல மெடியா அனுப்பின விஷ அங்கிகூட அவர் வழியா வந்த சொத்துதான். அப்பல்லோ வந்ததும் ஒரெஸ்டீஸோட பிரச்சினை காணாமப் போயிடுச்சு. இங்க தேர் வந்த பிறகும் எதுவுமே சரியாகலை. பிள்ளைங்க உடம்பை ஒரு தடவை தொட்டுக்கறேன்னு ஜேசன் கெஞ்சுறான். அவ விடலை. தேர் போயிடுது.