ஜனாதிபதி ஏரிக்குள்ள விட்ட கார்! ஆம்பிகார் 770 மூழ்காம இருக்குறது எப்படி?

[திரையில்: நீல நிறக் கார் ஒன்று சரிவில் இறங்கி நேராக ஏரிக்குள் பாய்கிறது]

டெக்சாஸ்ல ஒரு பெரிய பண்ணை. ஸ்டியரிங் பிடிச்சிருக்கிறது அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். பக்கத்துல விருந்துக்கு வந்த ஒருத்தர். கார் சரிவுல ஏரியைப் பார்த்து இறங்குது, திடீர்னு ஜான்சன் பிரேக் பிடிக்கலைன்னு கத்துறார். வந்தவர் கதவைப் பிடிச்சுக்கிட்டு அலற, கார் தொப்புன்னு தண்ணிக்குள்ள விழுது. விழுந்தது மூழ்கல! அப்படியே மிதந்து ஏரியில ஒரு சுத்து சுத்துது. ஜான்சன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். புதுசா வர்றவங்ககிட்ட அவர் இதைத் திரும்பத் திரும்ப செஞ்சிருக்கார். அந்த நீலக் கார் இன்னைக்கும் அதே பண்ணையில பார்வைக்கு இருக்கு.

வணக்கம் மக்களே! இன்னைக்கு நாம பிரிச்சு மேயப்போறது அந்தக் காரைத்தான். பேர் ஆம்பிகார் 770. பொதுமக்களுக்குன்னு தொழிற்சாலையில ஆயிரக்கணக்குல செஞ்சு வித்த நீர்-நில கார்.

வரலாறை வேகமா முடிச்சிடலாம். வடிவமைச்சவர் ஹான்ஸ் டிரிப்பெல், நாடு மேற்கு ஜெர்மனி, 1961ல விற்பனைக்கு வந்துச்சு, மொத்தமே 3,878 கார், அதுல 3,000க்கு மேல அமெரிக்காவுக்குப் போச்சு. 1968ல அங்க புகை விதிகள் வந்ததும் கதை முடிஞ்சுது. அவ்வளவுதான்!

பேர்ல இருக்கிற 770க்கு அர்த்தம் என்னன்னா, தண்ணியில 7 நாட் (கப்பல் வேகத்தை அளக்குற கணக்கு), ரோட்டுல மணிக்கு 70 மைல். நம்ம கணக்குல தண்ணியில மணிக்கு 13 கிலோமீட்டர், ரோட்டுல 112. இன்ஜின் பின்னாடி இருக்கு: நாலு சிலிண்டர், 1147 சிசி, டிரையம்ஃப் ஹெரால்டுங்கிற பிரிட்டிஷ் காரோட இன்ஜின்.

ஹெரால்டுன்னதும் சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வரணும். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு! அதுல இருந்தது 948 சிசி இன்ஜின். ஆம்பிகாரோட 1147 சிசி இன்ஜினும் அதே குடும்பம்தான், ஒரே அடிப்படை வடிவம், சிலிண்டர் துளை மட்டும் பெருசு. அதனால உங்க ஊர்ல ஹெரால்டு இன்ஜின் பிரிச்சுப் பழகின பழைய மெக்கானிக் யாராவது இருந்தா, அவரால ஆம்பிகார் இன்ஜினையும் கண்ண மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்ட முடியும். எனக்கு இந்தக் காரைப் பத்தி ரொம்பப் பிடிச்ச விஷயங்கள்ல இது ஒண்ணு.

[திரையில்: காரின் அடிப்பகுதி. பின் சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு வெள்ளை நைலான் விசிறிகள்]

சரி, இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தக் கார் தண்ணியில எப்படி ஓடுது?

பின்பக்கம் அடியில ரெண்டு நைலான் புரொப்பெல்லர். அதைச் சுத்துறதும் அதே இன்ஜின்தான். கியர்பாக்ஸ்தான் இங்க விசேஷம். உள்ள போனா டிரைவர் பக்கத்துல ரெண்டு லீவர் இருக்கும். ஒண்ணு சாதாரண நாலு கியர் லீவர், சக்கரத்துக்கு. இன்னொண்ணு தண்ணிக்கு: முன்னாடி, நியூட்ரல், பின்னாடி, அவ்வளவுதான். ரெண்டும் தனித்தனி. அதனால ஒரே நேரத்துல சக்கரத்தையும் சுத்த வைக்கலாம், புரொப்பெல்லரையும் சுத்த வைக்கலாம். இது எதுக்குன்னு கொஞ்ச நேரத்துல புரியும். புரியும்போது கைதட்டுவீங்க.

சுக்கான் தனியா கிடையாது. முன் சக்கரம்தான் சுக்கான். ஸ்டியரிங்கைத் திருப்பினா சக்கரம் திரும்பும், அது தண்ணியைத் தள்ளும், கார் மெதுவா திரும்பும். படகு மாதிரி சட்டுன்னு வளையாது. ரிவர்ஸ்ல இன்னும் மோசம். அதனால படகுத்துறை பக்கம் போகும்போது வளைவுக்கு நிறைய இடம் விட்டுத்தான் வரணும்.

இப்போ தண்ணியில இறங்குற முறை. ஆம்பிகார் வெச்சிருக்கவங்க இந்த வரிசையை மாத்தவே மாட்டாங்க.

முதல்ல, அடியில இருக்கிற டிரெயின் பிளக், அதாவது தண்ணி வடியிற ஓட்டையோட மூடி. கரையில நிக்கும்போது உள்ள தேங்கின தண்ணி வெளிய போறதுக்கு அதைக் கழட்டி வைப்பாங்க. மறுபடி மாட்ட மறந்து இறங்கினா காருக்கு அடியில ஒரு ஓட்டையோட இறங்குறீங்கன்னு அர்த்தம். மிதக்குற கார் மூழ்குறதுக்கு இதைவிட சுலபமான வழி கிடையாது.

ரெண்டாவது, கதவு. ஆம்பிகார் கதவுல சாதாரண பூட்டு போக, கீழ இன்னொரு கைப்பிடி இருக்கு. அதைத் திருப்பினா கதவு உள்பக்கமா இறுகி ரப்பர் சீல் மேல அழுந்தி உட்காரும். கதவோட கீழ் ஓரம் தண்ணி மட்டத்துக்குக் கீழ போகும், அதனால ரெண்டு பக்கமும் இந்தக் கைப்பிடியைப் போடாம இறங்கவே கூடாது. பல பேர் மறக்கிறது பயணி பக்கத்துக் கதவைத்தான்.

மூணாவது, உள்ள வர்ற தண்ணியை வெளிய தள்ளுற பில்ஜ் பம்ப். 12 வோல்ட் மின்சார பம்ப். ஸ்விட்ச் போட்டு சத்தம் கேட்டுட்டுத்தான் கிளம்பணும்.

அப்புறம் படகு இறக்குற சரிவுல ஃபர்ஸ்ட் கியர்ல, நடக்குற வேகத்துக்குக் கொஞ்சம் மேல, நேரா இறங்கணும். வேகம் கூடினா முன்னாடி எழும்புற தண்ணி பானட்டைத் தாண்டி கண்ணாடியில அடிக்கும். கோணலா இறங்கினா ஒரு பக்கம் மட்டும் முதல்ல மிதந்து ஆடும். கார் மிதந்ததும் கிளட்சை மிதிச்சு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, தண்ணி லீவரை முன்னாடி தள்ளி, கிளட்சை விட்டா... படகு ரெடி!

[திரையில்: கார் கரையேறும் காட்சி, மெதுவான ஓட்டத்தில்]

இனி நான் சொன்ன கைதட்டல் இடம். கரையேறுறது.

யோசிச்சுப் பாருங்க. இது பின் சக்கரத்தால ஓடுற கார். கரைக்கு வரும்போது முதல்ல தரையைத் தொடுறது முன் சக்கரம். பின் சக்கரம் இன்னும் தண்ணியில தொங்கிக்கிட்டிருக்கும், பிடிமானமே இல்ல. இந்த நேரத்துல புரொப்பெல்லரை நிறுத்தினா கார் அப்படியே பின்னாடி நழுவிடும். அதனால என்ன பண்ணுவாங்கன்னா, முன் சக்கரம் தொட்டதும் கிளட்சை மிதிச்சு ஃபர்ஸ்ட் கியர் போட்டு விடுவாங்க. தண்ணி லீவரைத் தொடவே மாட்டாங்க. இப்போ புரொப்பெல்லரும் சுத்துது, பின் சக்கரமும் சுத்துது. புரொப்பெல்லர் காரைத் தள்ளித் தள்ளி மேல கொண்டு வரும். பின் சக்கரம் தரையைத் தொட்ட நொடியில அது பொறுப்பை வாங்கிக்கும். பாசி பிடிச்ச சரிவுல டயர் வழுக்கினாலும் பின்னாடி இருந்து தண்ணி தள்ளல் இருக்கும். ரெண்டு லீவரைத் தனித்தனியா வெச்சதோட அருமை இதுதான் மக்களே! அந்தக் காலத்துலயே இதை யோசிச்ச ஆளுக்கு ஒரு லைக் போட்டுட்டு வாங்க, நான் காத்திருக்கேன்.

போட்டாச்சா? சரி. மேல வந்ததும் தண்ணி லீவரை நியூட்ரலுக்குக் கொண்டு வரணும். இல்லன்னா விசிறி காத்துல சும்மா சுத்தும், பக்கத்துல யாராவது நின்னா காலைக் கிழிச்சிடும். அப்புறம் பிரேக். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக், உள்ள தண்ணி போயிருக்கும். ரோட்டுக்கு ஏறுறதுக்கு முன்னாடி மெதுவா ஓட்டிக்கிட்டே பிரேக்கை லேசா அழுத்தி அழுத்தி விட்டாத்தான் சூடாகிக் காயும்.

கடைசியா கிரீஸ். இதைத்தான் பல பேர் வெறுக்கிறாங்க, ஆனா காரோட ஆயுசே இதுலதான் இருக்கு. தண்ணியில ஓடினதுக்கு அப்புறம் 13 இடத்துல கிரீஸ் கன் வெச்சு அடிக்கணும். அதுல ஒண்ணுக்குப் பின் சீட்டையே கழட்டணும்! கிரீஸ் எதுக்குன்னா, தண்ணி புகுந்த இடத்துல அதைப் பிதுக்கி வெளிய தள்ளுறதுக்கு. அடிக்கும்போது பழைய கிரீஸ் பால் மாதிரி வெள்ளையா வந்தா உள்ள தண்ணி இருந்திருக்குன்னு அர்த்தம். சுத்தமான நிறத்துல வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

பில்ஜ் பம்ப் நின்னா இந்தக் கார் மூழ்கிடும்னு சில பத்திரிகைக்காரங்க எழுதியிருக்காங்க. நான் ஒத்துக்க மாட்டேன். சீல் எல்லாம் சரியா இருக்கிற ஆம்பிகாரைப் படகுத்துறையில மணிக்கணக்கா கட்டிப் போடலாம், உள்ள ஈரம்கூட இருக்காது. ஒழுகுறது வடிவமைப்போட குத்தம் இல்ல, பராமரிக்காதவங்க குத்தம். இதை நான் அடிச்சுச் சொல்வேன்.

அப்போ ஏன் விக்கல? விலை. அமெரிக்காவுல சுமார் 2,800ல இருந்து 3,300 டாலர். 1964ல வந்த புது ஃபோர்டு மஸ்டாங் கார் 2,368 டாலர். அந்தக் காசுக்கு ரோட்டுல பறக்குற கார் கிடைக்கும்போது, 43 குதிரைத்திறன்ல ஒரு டன்னுக்கு மேல எடையை இழுக்குற காரை எத்தனை பேர் வாங்குவாங்க?

கடைசியா ஒண்ணு. வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது வாங்க யோசிச்சா, இதைக் கேட்டுட்டுப் போங்க. இன்ஜினை நினைச்சுக் கவலைப்படாதீங்க. உற்பத்தி நின்னப்ப மிச்ச உதிரிபாகம் கலிபோர்னியாவுக்குப் போச்சு, புதுசா செஞ்சு விக்கிறவங்களும் இருக்காங்க. பயப்பட வேண்டியது துருவுக்கு. உடம்பு முழுக்க வெல்டிங் பண்ணின இரும்புத் தகடு, அது உள்பக்கம் இருந்துதான் அரிக்கும். வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள சல்லடை! ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. கதவுக்குக் கீழ, சக்கர வளைவு, தரைத் தகடு, எல்லா இடத்துலயும் வெச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்துல பட்டி பூசி மறைச்சிருக்காங்க. கார்பெட்டைத் தூக்கிப் பாருங்க. டிரெயின் பிளக்கைக் கழட்டிப் பாருங்க, செம்மண் நிறத்துல தண்ணி வந்தா விலையைப் பேசவே வேண்டாம். கடல்ல ஓட்டியிருக்காங்களான்னு கட்டாயம் கேளுங்க. சில பேர் இதுல ஆங்கிலக் கால்வாயையே கடந்திருக்காங்க, அது சாதனைதான், ஆனா உப்புத் தண்ணியில ஓடினதுக்கு அப்புறம் உள்ளயும் வெளியயும் நல்ல தண்ணியில கழுவாத காரை நான் தொடவே மாட்டேன்.

வாங்கினப்புறம் அமெரிக்காவுல ஒரு தடவை கார்னு பதிவு, இன்னொரு தடவை படகுன்னு பதிவு. லைஃப் ஜாக்கெட்டும், முன்னாடி சிவப்பு-பச்சை விளக்கும், பின்னாடி கம்பத்துல வெள்ளை விளக்கும் இருக்கணும். ஒஹாயோ மாநிலத்துல செலைனா ஊர் ஏரியில வருஷா வருஷம் இந்தக் கார்க்காரங்க ஒண்ணு கூடி மொத்தமா தண்ணியில இறங்குவாங்க. பக்கத்துல இருந்தா முதல்ல அங்க போய், ஒரு ஓனர்கிட்ட பின் சீட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. அவர் எத்தனை நிமிஷத்துல கழட்டுறார்னு பார்த்தாலே அவர் கிரீஸ் அடிக்கிற ஆளா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

உங்க வீட்டுல ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்துச்சா? எந்த வருஷ மாடல்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோ அந்த இன்ஜினைப் பத்தித்தான்.