பியூரெட்டைத் தொடாத வேதியியல்

[காட்சி: நீட் வினாத்தாளின் ஒரு பக்கம்]

நீட் தேர்வில் வேதியியலுக்கு 45 வினாக்கள். அனைத்தும் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்பவை. கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கையாளத் தெரியுமா என்று அத்தேர்வு கேட்பதில்லை. ஆகவே, பல பள்ளிகளின் வேதியியல் ஆய்வகம் செய்முறைத் தேர்வு நெருங்கும்போதுதான் திறக்கப்படுகிறது.

[காட்சி: கூம்புக் குடுவை, மிக அருகில்]

இதனால் மாணவர் எதை இழக்கிறார் என்பதை இந்தக் குடுவையிலேயே காணலாம். உள்ளே 20 மி.லி. ஆக்சாலிக் அமிலமும் நிறங்காட்டியாக ஓரிரு சொட்டு ஃபினாஃப்தலீனும் இருக்கின்றன. பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றி, குலுக்கியதும் மறைகிறது. அது மறையும் நேரம் நீள நீள, அமிலம் முழுவதும் வினைபுரிந்துவிடும் முடிவுநிலை நெருங்குவதை உணர்ந்து கை தானாகவே சொட்டின் வேகத்தைக் குறைக்கிறது. பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்து எழுதுபவருக்கு இந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

இரசாயனங்கள் வாங்கப் பணமில்லை என்பது பள்ளிகள் சொல்லும் காரணம். அது பொய்யன்று, ஆயினும் அதற்கு வழியுண்டு. 20 மி.லி.க்குப் பதிலாக 2 மி.லி. எடுத்து, அளவு குறித்த ஊசிக்குழலால் இதே தரம்பார்த்தலை (சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனையை) செய்தால், செலவாகும் கரைசலும் வெளியேறும் கழிவும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அளவீட்டின் துல்லியம் சற்றுக் குறையும் என்பதால் பியூரெட்டை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. இருப்பினும், பத்துப் பேர் கூடி நின்று ஒருவர் செய்வதைப் பார்ப்பதைவிட, ஒவ்வொருவரும் தாமே செய்வது மேல்.

[காட்சி: பிரபுல்ல சந்திர ராயின் படம்]

ஆராய்ச்சிக்கும் இதே தேவைதான்: வேண்டிய நேரத்தில் வேண்டிய பொருள் கைக்கு எட்ட வேண்டும். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்த வேதியியலாளர் ராய், 700 ரூபாய் முதலீட்டில் தம் வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். அதுவே 1901இல் பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனமாயிற்று.

அதற்கு நேர்மாறான ஒன்றும் அண்மையில் நடந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக இரசாயனங்களின் அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆய்வாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்வோருக்கு மட்டும் சில நாட்களிலேயே பழைய வரி திரும்பியது. விரைவாகத் திருத்தியது நல்லதே. எனினும், இத்தகைய அறிவிப்புக்கு முன் ஆய்வகங்களைக் கலந்தாலோசிக்கும் நடைமுறை இருந்திருந்தால், அந்தத் திருத்தமே தேவைப்பட்டிருக்காது.