மணிச்சத்தத்துக்கு இங்கிலீஷ்ல இவ்வளவு நீள வார்த்தையா? டின்டினாப்யுலேஷன்!

வணக்கம் மக்களே! குத்துவிளக்குக்குப் பேர் போன நாச்சியார்கோவில்ல ஒரு பாத்திரக்கடை வாசல்ல இருக்கோம். இந்த வார்த்தைக்கு இதவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

டின்-டி-னாப்-யு-லே-ஷன். அழுத்தம் 'லே'ல விழணும். நடுவுல வர்ற 'ப்'ப முழுங்கிட்டா வார்த்தையே செத்துப்போயிடும்.

லத்தீன்ல 'டின்னீரே'ன்னா ஒலிக்கிறது. அந்த 'டின்'ன இரட்டிச்சு, கடைசியில கருவியக் குறிக்கிற 'புலும்' சேர்த்தா 'டின்டினாபுலும்', அதாவது மணி. நம்ம கிண்கிணிய நினைச்சுப் பாருங்க! கிண் கிண்ணுன்னு ஒலிக்கிறதாலதான் அதுக்கு அந்தப் பேரு. இலக்கணத்துல இரட்டைக்கிளவி படிச்சவங்களுக்கு இது உடனே புரியும்.

ரோமானியர்கள் டின்டினாபுலும்ன வாசல்ல தொங்கவிட்டாங்க. நம்ம வீட்ல பூஜை ரூம் கதவுல வரிசையா மணி இருக்கும்ல, அதே மாதிரி காத்துல ஆடும். வேளாங்கண்ணி மாதா கோயில் 1962ல பசிலிக்கா ஆச்சு, அதாவது போப் சிறப்புத் தகுதி கொடுத்த தேவாலயம். பசிலிக்காவுக்குரிய அடையாளங்கள்ல ஒண்ணு கம்பத்துல கட்டின சின்ன மணி. இன்னைக்கும் அதுக்குப் பேரு இதேதான்.

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போதான் இந்த வார்த்தைய உருவாக்கினார்னு சொல்வாங்க. அது தப்பு, அவருக்கு முன்னாடியே இருந்துச்சு. 1849ல வெளிவந்த, மணிகளப் பத்தின அவரோட கவிதையாலதான் ஊரறிஞ்ச வார்த்தையாச்சு. அங்க பனிவண்டியோட வெள்ளிமணிக்கு வருது. நமக்கு அது மாட்டுவண்டிச் சலங்கைன்னு வச்சுக்கலாம்.

இப்ப இந்த வெண்கல மணியப் பாருங்க. வெண்கலம்னா சுமாரா நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். வெள்ளீயம் ரொம்பக் கூடினா ஓசை நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரு அடியில விரிசல் விட்டுடும். வளையத்தப் பிடிச்சு நாக்க ஆட்டறேன்... கேட்டீங்களா? அடி நின்னாலும் ரீங்காரம் நிக்கல. இப்ப விளிம்ப உள்ளங்கையால பொத்திக்கிட்டு ஆட்டறேன். 'டக்'. அவ்வளவுதான், அதிர்வையெல்லாம் கை உறிஞ்சிடுச்சு. இந்த 'டக்'குக்கு டின்டினாப்யுலேஷன்னு சொல்லக்கூடாது. வெண்கலக் கடையில யானை புகுந்த சத்தத்துக்கும் ஆகாது. மணிகள் தொடர்ந்து ஒலிச்சு, ஓசை ஒண்ணோட ஒண்ணு கலந்து நிக்கணும்.

தமிழ்ல 'மணியோசை'ன்னு மட்டும் மொழிபெயர்த்தா அந்தத் தொடர்ச்சி வராது. சின்ன மணிக்குக் கிணுகிணுப்பு, கோயில் பெரிய மணிக்குக் கணகணப்பு. என்னைக் கேட்டா இதுதான் சரி.

காதுக்குள்ள 'ஙொய்'னு கேக்கறதுக்கு இத எழுதாதீங்க. அது டின்னிட்டஸ். அதே 'டின்னீரே' வேர்தான், ஆனா அங்க வெளியில மணியே இல்ல.