கொல்லன் பேச்சும் கண்ணகி பேச்சும்

(குன்னூரில் தமிழாசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த சங்கத்தின் செயலாளர் அவர்களே, கிளை நூலகர் அம்மையார் அவர்களே, கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஊட்டியில் வண்டி மாறி வந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் பணிவான வணக்கம். நகர்மன்றத் தலைவர் அவர்கள் இன்னொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும் நமக்காக அமர்ந்திருக்கிறார்கள். இலக்கிய மன்றப் பாடவேளையை வேறு பாடத்துக்குத் தாரைவார்க்கக் கூடாது என்று மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள் சற்று முன் இதே மேடையில் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்கே பொன்னாடை போர்த்தலாம்.

அரசியல் பேச்சை ஆராயவும், கேட்பவர் ஏற்கும்படி எழுதவும் மாணவரைப் பழக்குவது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஆராய்வது, எழுதுவது, மதிப்பெண் போடுவது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். மூன்றுக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஒரு பழமொழி போதும்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

முதல் நாளே இன்றைய கட்சித் தலைவர் ஒருவரின் பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தால் வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்துவிடும். பிள்ளை தன் வீட்டுக் கட்சியைக் காப்பாற்றப் பார்ப்பானே தவிர, பேச்சைப் பார்க்க மாட்டான். மறுநாள் பெற்றோர் பள்ளி வாசலில் நிற்பார்கள். இன்று யாரும் ஓட்டுக் கேட்காத ஒரு பேச்சிலிருந்து தொடங்குங்கள். சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

கோவலன் சிலம்பு விற்க மதுரைக்கு வருகிறான். அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் அவன் சந்தித்த அந்தப் பொற்கொல்லன்தான். பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது. கோவலனைத் தன் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அரசனிடம் ஓடுகிறான். அவன் போய்ச் சேர்ந்த நேரத்தைக் கவனியுங்கள். அரசி ஊடல் கொண்டு, தலைநோவு என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைத் தேற்ற அரசன் அந்தப்புரத்துக்கு விரைகிறான். மனம் வேறெங்கோ இருக்கிற அந்த நேரத்தில் கொல்லன் காலில் விழுகிறான். 'கன்னகம் இன்றியும் கவைக்கோல் இன்றியும்' என்று ஆரம்பிக்கிறான். சுவரில் துளைபோடும் கன்னக்கோல் இல்லை, கவைக்கோல் இல்லை, மந்திரத்தால் காவலரைத் தூங்க வைத்துச் சிலம்பைத் திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான்.

இங்கே வகுப்பை நிறுத்துங்கள். இவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். திருடிய கருவி எங்கே என்று அரசன் கேட்பதற்கு முன்பே, கருவி இல்லாததையே சாட்சியாக்கிவிட்டான். இனி யார் ஆதாரம் கேட்டாலும், ஆதாரம் இல்லாததே அவன் கள்ளத்தனத்துக்கு அடையாளம் என்று பதில் வரும்.

கதை இன்னும் முடியவில்லை. அரசன் கொன்று வரச் சொல்லி அனுப்பிய காவலர் கோவலனைப் பார்த்ததும், இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். நியாயமான சந்தேகம்! கொல்லன் விடவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணை எட்டு என்று அடுக்குகிறான், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்கிறான். எட்டில் ஒன்றாவது கோவலனிடம் இருந்ததாகக் காட்டினானா? காட்டவில்லை. பட்டியல் நீள நீள, இவன் விஷயம் தெரிந்தவன் என்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடுகிறது. ஒருவன் கோவலன்மேல் வாளை வீசிவிட்டான். காதால் கேட்டதோடு நின்றார்கள், தீர விசாரிக்கவில்லை.

அடுத்த பாடவேளையில் கண்ணகியின் பேச்சை வையுங்கள். முதல் சொல்லே 'தேரா மன்னா', ஆராயாத மன்னனே என்பது. குற்றச்சாட்டு தெளிவாக இருக்கிறது. பிறகு தான் யார் என்று சொல்கிறாள்: புறாவின் துயர் தீர்த்த அரசனும், பசுவின் கண்ணீருக்காக மகனையே தேர்க்காலில் இட்ட அரசனும் ஆண்ட புகார் என் ஊர். ஊரைச் சொல்லும்போதே நீதிக்கு முன்னுதாரணமும் சொல்லியாகிவிட்டது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான் அரசன். கள்வனைக் கொல்லலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் அவள் இறங்கவே இல்லை. என் சிலம்பின் பரல், உள்ளே இருக்கும் மணி, மாணிக்கம் என்று ஒரே ஒரு செய்தியை முன்வைக்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். கோவலனிடம் எடுத்த சிலம்பை அவள் உடைப்பதற்கு முன்பே, எது விழுந்தால் யார் சொன்னது மெய் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. முத்து தெறித்திருந்தால் கண்ணகி தோற்றிருப்பாள். 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.' தெறித்தது மாணிக்கம்.

கொல்லன் பேச்சில் இப்படி உடைத்துப் பார்க்க ஓர் இடம்கூடக் கிடையாது. எந்தப் பேச்சை எடுத்தாலும் பிள்ளைகள் தேட வேண்டியது இந்த இடத்தைத்தான்: எது நடந்தால் இவர் சொன்னது தவறாகும்?

இனி வேலைமுறை. ஒரு பக்கத்துக்கு மேற்படாத பேச்சாக எடுத்து, பேசியவர் பெயரையும் கட்சியையும் மறைத்துப் படி எடுங்கள். முதல் தடவை ஆசிரியர் உரக்கப் படிக்கட்டும், பிள்ளைகள் எழுதக் கூடாது. எந்த இடத்தில் மனம் அசைந்தது என்பதை மட்டும் நினைவில் வைக்கட்டும். இரண்டாம் தடவை, சரிபார்க்கக்கூடிய செய்திக்கு அடிக்கோடு, வாக்குறுதிக்கு வட்டம், ஏச்சுக்கும் புகழ்ச்சிக்கும் அலைக்கோடு. மூன்றாம் தடவை நோட்டில் மூன்று கட்டம்: சொன்னது, காட்டிய ஆதாரம், சொல்லாமல் விட்டது. மூன்றாவது கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் வரும். பேச்சில் இல்லாததைப் பிள்ளை எங்கே பார்ப்பாள்? அதனால் அதே பொருளில் எதிரணி பேசியதை அப்போது கையில் கொடுங்கள். ஒன்றில் இருப்பது மற்றதில் விடுபட்டிருப்பது தானே தெரியும். பெயரைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

1937-ல் நியூயார்க்கில் பிரசாரத்தை ஆராயத் தொடங்கிய ஒரு நிறுவனம் ஏழு உத்திகளை வகுத்தது: பட்டப்பெயர் சூட்டுவது, பளபளப்பான பொதுச்சொல், பிறர் மதிக்கும் ஒன்றின் மரியாதையைத் தன்மேல் ஏற்றிக்கொள்வது, பிரபலத்தின் சாட்சி, நானும் உங்களில் ஒருவன் என்பது, சாதகமானதை மட்டும் அடுக்குவது, எல்லோரும் வந்துவிட்டார்கள் நீயும் வா என்பது. ஏழுக்கும் நம் மலையிலேயே உதாரணம் உண்டு. நேரம் கருதி இரண்டாவதை மட்டும் எடுக்கிறேன்.

'பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை.' கேட்காத காது இந்த மாவட்டத்தில் உண்டா? 'நியாயமான' என்ற சொல்லை அடித்துவிட்டு, கிலோவுக்கு எத்தனை ரூபாய், கொடுப்பவர் யார், எந்தத் தேதியிலிருந்து, பணம் எதிலிருந்து என்று பிள்ளைகள் கேட்கட்டும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையும், வீட்டில் இருக்கும் பேக்டரி ரசீதும் பக்கத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஈர எடை என்று கழித்ததும் அந்த ரசீதில் தெரியும். தீர விசாரிப்பது இதுதான்.

எழுதுவதற்கு வருகிறேன். படுக, தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் பள்ளிக்கூடத்து மொழி. வாதத்தை முதலில் வீட்டு மொழியில் வாயால் சொல்ல விடுங்கள். ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் வழக்குப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வாதம் புதிதல்ல, எழுத்துத்தான் புதிது. பிறகு தமிழில் எழுதட்டும். கட்டுரை வேண்டாம், மனு எழுதட்டும். கட்டுரையைத் திருத்துகிற ஆசிரியர் மட்டும்தான் படிப்பார். மனுவுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. பள்ளிக்கு வரும் பாதையில் விளக்கு எரியவில்லை, காட்டெருமை நிற்கிறது என்று சேர்த்து எழுதினால், விளக்கு ஊராட்சியிடமும் காட்டெருமை வனத்துறையிடமும் போக வேண்டியவை என்பதால், மனு நடுவில் நின்றுவிடும். 'எங்கள் ஊரில் எந்த வசதியும் இல்லை', 'சமூகம் கருணை கூர்ந்து' இரண்டையும் அடித்துவிடுங்கள். எந்தத் திருப்பம், மின்கம்ப எண் என்ன, எந்த மாதத்திலிருந்து எரியவில்லை, அந்த வழியில் நடப்பவர் எத்தனை பேர்: முதல் பத்தியில் இவ்வளவும் வர வேண்டும். எண்ணிப் பார்க்காமல் எழுதும் எண்ணிக்கை வேண்டாம். மாலையில் நின்று எண்ணட்டும். 'சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து' என்கிறது குறள். நிதி இல்லை என்ற பதில் வரும். எல்லாக் கம்பத்துக்கும் முடியாவிட்டால் வளைவில் இருக்கும் மூன்றுக்கு முதலில் போடுங்கள் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கும் பழக்கமும் வேண்டும்.

பெரியோர்களே, இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. வாக்காளர்தான் அதன் உறுப்பினர். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பார்வையாளராக ஓரத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அவள் எழுதிய மனுவை அவளுடைய அம்மா எழுந்து வாசிக்கலாம். செலவுக் கணக்கு வாசிக்கும்போது பேச்சை ஆராயும் பாடம் நடக்கிறது, தீர்மானம் எழுதும்போது எழுத்துப் பாடம் நடக்கிறது. பக்கத்து ஊராட்சியில் கூட்டம் நடக்க, நாம் வகுப்பில் கற்பனைத் தலைப்புக் கொடுத்துக்கொண்டிருக்கலாமா?

மதிப்பெண் போடும் முறையைப் பேச நேரமில்லை. தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து 10 மணிக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கிராம சபை பெரும்பாலும் 11 மணிக்குக் கூடுகிறது. பெற்றோர் சம்மதத்தோடு, தமிழாசிரியர் ஒருவர் துணையோடு, மூன்று கட்டம் போட்ட நோட்டோடு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே போகலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வரைவை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். ஒரு பக்கம்தான், கோரிக்கையும் ஒன்றுதான். இதோ மேடையிலேயே தருகிறேன். வணக்கம்.